கை மரத்துப் போகிறதென்று ஹேண்டில்பாரை உயர்த்தலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது. குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாக வேலூருக்கு அன்றாடம் வேலைக்குப் போய்வரும் ஒருவர், ஒற்றைக் குழாய் ஹேண்டில்பார் உள்ள 150 சிசி வண்டி வைத்திருக்கிறார். பாதித் தூரம் தாண்டுவதற்குள் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகின்றன. வலது கையில் அது அதிகம். மாலையில் வீடு திரும்பினால் தோள்பட்டையும் இடுப்பும் வலிக்கின்றன. இப்போதுள்ளதைவிட ஆறு அங்குலம் உயரமான ஹேண்டில்பாரை இணையத்தில் வாங்கிப் பொருத்தலாமா, அல்லது லேத் பட்டறையில் கொடுத்து இருக்கிற பாரையே வெட்டி வெல்டு வைத்து உயர்த்திக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

இரண்டாவது வழியை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதல் வழியில், ஹேண்டில்பாரை மாற்றும் எண்ணம் சரியானதுதான், ஆனால் ஆறு அங்குலம் என்ற அளவு தவறு. இத்தகைய வலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட உயரமும், அதைவிட முக்கியமாக, பிடி நம் பக்கம் சற்று நெருங்கி வருவதும்தான். எல்லோரும் உயரத்தையே பார்க்கிறார்கள். மணிக்கட்டு கேட்பதோ கோணத்தை.

உடம்பில் என்ன நடக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றது எளிது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி கொண்டுசெல்வது அல்நார் நரம்பு. அது உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கமாக, தோலுக்கு அருகிலேயே ஓடுகிறது. மேலுடம்பின் பாரம் கைகள் வழியாகப் பிடியில் இறங்கும்போது சரியாக அந்த இடம்தான் நசுங்குகிறது. மாறாக, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்தால் அது மணிக்கட்டின் நடுவே குறுகிய பாதையில் செல்லும் மீடியன் நரம்பின் தொல்லை; மணிக்கட்டு மேலோ கீழோ மடிந்தபடி நெடுநேரம் இருப்பதால் வருவது. எந்த விரல் மரக்கிறது என்பதே எதைத் திருத்த வேண்டும் என்பதைப் பாதி சொல்லிவிடும். உங்களுக்கு வருவது முதல் வகை. ஆகவே உங்கள் கைகள் தாங்க வேண்டியதற்கு மேல் பாரம் தாங்குகின்றன.

அந்தப் பாரம் வழியெங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வரை நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் வருவீர்கள். அந்த வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கும் அளவுக்கு வலுவாக இருக்காது. முன்னால் குனிந்த உடம்பை முழுக்க முழுக்கக் கைகளே தாங்கும். பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலை ஏறி எண்பதைத் தொட்டால் நிலைமை தலைகீழாகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், காற்றே மார்பைப் பின்னுக்குத் தள்ளிக் கைகளின் சுமையைக் குறைக்கிறது. இப்போது ஆறு அங்குலம் உயர்ந்த பாரைப் பொருத்தி நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குடியாத்தம் சாலையில் சுகமாக இருக்கும். நெடுஞ்சாலையில் ஏறியதும் உடம்பு காற்றில் விரித்த பாயாகிவிடும். பின்னுக்குப் போகாமல் இருக்கப் பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். தோள்வலி குறையாது, கூடும்.

இடுப்பு வலிக்கும் இதே கணக்குதான். முற்றிலும் நிமிர்ந்து உட்காரும்போது உடம்பின் எடையில் பெரும்பகுதி இடுப்பின் அடியில் உள்ள உட்காரும் எலும்புகளின்மேல் இறங்குகிறது. வேகத்தடையிலும் பள்ளத்திலும் வருகிற அடி நேராக முதுகெலும்பில் ஏறுகிறது. சற்றே முன்சாய்ந்திருந்தால் இடுப்பு வளைந்து கொடுத்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும். உயரமான ஹேண்டில்பார் முதுகுவலிக்கு மருந்து என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பக்கம் பலரிடம் இருக்கிறது. அது பாதி உண்மைதான்.

வண்டி ஓட்டும் நிலையைத் தீர்மானிப்பவை மூன்று: சீட், ஃபுட்ரெஸ்ட், பிடி. ஒன்றை நகர்த்தினால் மற்ற இரண்டோடும் உள்ள உறவு மாறிவிடும். ஆகவே பாரில் கைவைப்பதற்கு முன் சீட்டைப் பாருங்கள். பழைய சீட்டில் ஃபோம் அமுங்கி, முன்புறம் டேங்க்கை நோக்கிச் சரிந்திருந்தால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு முன்னால் வழுக்கும். அதைத் தடுக்கக் கைகள் பாரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் எந்தப் பாரைப் போட்டாலும் கை மரக்கும். நல்ல சீட் தைப்பவரிடம் கொடுத்து முன்புறச் சரிவைச் சமப்படுத்தி, அடர்த்தியான ஃபோம் வைத்துத் தைத்துக்கொண்டு, சில நாள் ஓட்டிய பிறகு பாரைப் பற்றி முடிவெடுங்கள். பின் ஷாக் அப்சார்பரை மிகவும் இறுக்கி வைத்திருந்தால் வண்டியின் பின்பக்கம் தூக்கி நின்று அதே தொல்லையைத் தரும். தனியாகவே ஓட்டுபவர் என்றால் ஒரு படி தளர்த்திப் பார்க்கலாம்.

அடுத்து, அளவெடுப்பது. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து, தொடைகளால் டேங்க்கை லேசாக அணைத்துக்கொண்டு, கண்களை மூடுங்கள். கைகளைத் தொங்கவிட்டுத் தோள்களைத் தளர்த்தி, பிறகு முழங்கை சற்று மடிந்த நிலையில், பாரைத் தேடாமல், கைகள் தாமாக எங்கே வந்து நிற்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்துக்கும் இப்போதைய பிடிக்கும் இடையே மேல்கீழாக எவ்வளவு, முன்பின்னாக எவ்வளவு என்று இன்னொருவர் அளவுகோலால் அளந்து குறிக்கட்டும். சில முறை செய்து சராசரி எடுத்துக்கொண்டால் போதும். இந்த இரண்டு எண்கள் கையில் இல்லாமல் கடைக்குப் போனால், பார்க்க அழகாக இருப்பதைத்தான் வாங்கி வருவோம். பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையிலிருந்து விரல் கணு வரை கோடு நேராகப் போகிறதா, மணிக்கட்டில் உடைகிறதா என்பது படத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

பணம் செலவில்லாத திருத்தங்கள் இரண்டு உண்டு; பலருக்கு இவற்றிலேயே வேலை முடிந்துவிடும். ஒன்று, கிளட்ச், பிரேக் லீவர்களின் கோணம். ஷோரூமிலிருந்து வந்தபடியே யாருக்கோ அமைத்த கோணத்தில் காலமெல்லாம் ஓட்டுபவர்கள் ஏராளம். விரல்களை நீட்டினால் முன்கையின் கோடு அப்படியே தொடர்ந்து லீவரின் மேல் போய் அமர வேண்டும். லீவர் தூக்கி நின்றால் ஒவ்வொரு கிளட்சுக்கும் மணிக்கட்டு மேல்நோக்கி மடியும். வேலூர் கிரீன் சர்க்கிளிலும் காட்பாடி சாலையிலும் எத்தனை முறை கிளட்ச் பிடிக்கிறோம் என்று எண்ணினால் இதன் கனம் புரியும். ஒரு ஸ்பானரோ ஆலன் கீயோ போதும், சில நிமிட வேலை.

இரண்டாவது, பாரை நடுவில் பிடித்து நிற்கும் கிளாம்ப்புக்குள் அதைச் சிறிது சுழற்றுவது. டேங்க்கின் மேல் கெட்டித் துணி போட்டு, கிளாம்ப் போல்ட் நான்கையும் தளர்த்தினால் பார் சுழலும். பெரும்பாலான பாரில் கிளாம்ப்பின் பிளவோடு பொருந்த ஒரு சிறு புள்ளி குத்தியிருப்பார்கள். அதுதான் கம்பெனி வைத்த நிலை. அதை மார்க்கரால் குறித்துக்கொண்டு, அதிலிருந்து சில மில்லிமீட்டர் மட்டுமே நகர்த்துங்கள். பின்னோக்கிச் சுழற்றினால் பிடி நம் பக்கம் வரும், ஆனால் சற்றுத் தாழும், முனைகளும் தரையை நோக்கிச் சாயும். முன்னோக்கிச் சுழற்றினால் இதற்கு நேர்மாறு. இதில் அளவு மீறினால் ஒரு கோணத்தைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிடுவோம். முடித்ததும் போல்ட்களைக் குறுக்குக் குறுக்காக, படிப்படியாக இறுக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இறுக்கும் விசையாகப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் எண்ணே இறுதியானது. கிளாம்ப்பின் முன் இடைவெளியை முழுதாக மூட வேண்டுமா, இருபக்கமும் சமமாக விட வேண்டுமா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். பாரைச் சுழற்றினால் பிரேக் ஆயில் டப்பாவும் சாயும். அதைத் தளர்த்தி மீண்டும் ஏறக்குறைய சமமட்டத்தில் நிறுத்துங்கள்.

வலது கை மட்டும் கூடுதலாக மரப்பதற்கு ஆக்சிலரேட்டரே காரணம். எல்லோரும் ஆக்சிலரேட்டர் மூடிய நிலையில் பிடியைப் பற்றி, பிறகு திருகுகிறோம். நெடுஞ்சாலை வேகத்துக்கு வரும்போது மணிக்கட்டு நன்றாகக் கீழே இறங்கிப் போயிருக்கும். அப்படியே அரை மணி நேரம். மூடிய நிலையில் மணிக்கட்டைச் சற்று உயர்த்திப் பற்றினால், ஓடும் வேகத்தில் அது நேராக வந்து நிற்கும். கேபிள் காய்ந்து இறுகியிருந்தால் எண்ணெய் விட்டோ புதியது மாற்றியோ எளிதாகச் சுழலும்படி செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் அளவெடுத்த எண்கள் பொருந்தவில்லை என்றால் பாரை மாற்றலாம். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சாதாரண வண்டிகளின் பார் 22 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. நடுவில் தடித்து முனையில் மெலியும் வகை 28.6 மில்லிமீட்டர். கிளாம்ப் அளவு ஒத்துப்போகாததை ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து இறுக்காதீர்கள். உயரம், பின்வளைவு, அகலம், முனைச் சாய்வு ஆகிய நான்கையும் பழைய பாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அகலம் கூடினால் வண்டியைத் திருப்புவது இலேசாகும், ஆனால் லாங் பஜாரில் இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவே நுழையும்போது அந்த அகலமே தொல்லை. முழங்கையும் வெளியே விரிந்து தோளை இழுக்கும். உங்கள் வண்டியைத் தயாரித்த கம்பெனியே அந்த மாடலுக்குத் துணைப்பொருளாக உயர்ந்த பார் விற்கிறதென்றால் விலையைப் பார்க்காமல் அதையே வாங்குங்கள். அந்த உயரத்துக்குக் கேபிள் எட்டுமா என்பதை அவர்களே பார்த்திருப்பார்கள்.

பாரை மாற்றாமல் ரைசர் என்னும் கட்டையை அடியில் வைத்து உயர்த்துவதும் உண்டு. 20, 25 மில்லிமீட்டர் வரை பல வண்டிகளில் பழைய கேபிளே போதுமானதாக இருக்கும். ரைசரில் நான் முதலில் பார்ப்பது அதன் போல்ட்டை. கட்டையின் உயரத்துக்கு ஏற்ற நீளமான போல்ட் போடாமல் பழையதையே போட்டு, நுனியில் சில மரைகள் மட்டும் பிடித்து நிற்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்தட்டு பெரும்பாலும் அலுமினியம். அதில் 8 மில்லிமீட்டர் போல்ட் குறைந்தது 12 மில்லிமீட்டர் ஆழமாவது மரையில் இறங்கியிருக்க வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணில்லாத போல்ட்டை அங்கே போடவே கூடாது. கட்டை உயர உயர நெம்பும் விசையும் கூடுகிறது என்பதால், அடியில் ரப்பர் புஷ் உள்ள வண்டிகளில் பார் ஆடுவது போன்ற உணர்வு வரும்.

வெல்டிங்குக்கு வருகிறேன். ஹேண்டில்பார் எந்நேரமும் அதிர்ந்துகொண்டே இருக்கும் குழாய். வெல்டு வைத்த இடத்தின் ஓரத்தில், சூடேறி ஆறிய உலோகம் தன் பழைய குணத்தை இழந்திருக்கும். அதிர்வில் மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்கும், வெளியே பாலிஷ் போட்டு மறைத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. மற்ற பல பாகங்கள் உடைந்தால் வண்டி நிற்கும். ஹேண்டில்பார் உடைந்தால் திருப்பவும் முடியாது, அந்தப் பக்கத்து லீவரும் கையோடு வந்துவிடும். நம் ஊர் லேத் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இது திறமையைப் பொறுத்த விஷயம் அல்ல. கீழே விழுந்து வளைந்த பாரைக் குழாய் செருகி நிமிர்த்துவதும் இதே ஆபத்துதான்.

புதிய பார் மாட்டும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். சுவிட்ச் பெட்டியின் உள்ளே ஒரு சிறு முளை இருக்கும். அது பாரில் உள்ள துளையில் போய் உட்கார்வதால்தான் சுவிட்ச் பெட்டி சுழலாமல் நிற்கிறது. வெளிச்சந்தை பார்கள் பலவற்றில் அந்தத் துளை இருக்காது. அவசரப்படுபவர்கள் முளையை அரத்தால் தேய்த்துவிட்டுப் பெட்டியை இறுக்கிவிடுகிறார்கள். முதலில் நன்றாகத்தான் இருக்கும். வியர்வையும் மழையும் பட்டுப் பிடிப்பு தளர்ந்ததும், ஆக்சிலரேட்டர் பக்கத்துப் பெட்டியே கையோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். கேபிள் இழுபட்டு, விட்டாலும் ஆக்சிலரேட்டர் மூடாத நிலை வரும். முளையைத் தேய்க்காதீர்கள். பெட்டியைச் சரியான இடத்தில் வைத்துப் பார்த்து, கோணம் உறுதியான பிறகு, முளையின் தடிமனுக்கு மட்டும் ஒரே ஒரு துளை போட்டு, பிசிறை நீக்கிப் பொருத்துங்கள். தவறான இடத்தில் துளையிட்டு, பக்கத்தில் இன்னொன்று போட்டால் குழாய் அங்கே வலுவிழக்கும்.

அடுத்தது கேபிளும் ஒயரும். பாரை இடது கடைசி வரையும் வலது கடைசி வரையும் திருப்பிப் பாருங்கள். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், இருபக்க ஒயர் கட்டு ஆகிய ஒவ்வொன்றும் எந்த நிலையிலும் விறைக்கக் கூடாது, ஹெட்லைட் தாங்கிக்கும் ஃபிரேமுக்கும் இடையே நசுங்கவும் கூடாது. பிறகு வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கில் விட்டு, பாரைக் கடைசிவரை இருபுறமும் மெல்லத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் சிறிதாவது ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அந்த வண்டியை அப்படியே ஓட்டக் கூடாது. வளைவில் திரும்பும்போது தானாக வேகம் எடுக்கும் வண்டி அது. நீளமான கேபிள் வாங்கி மாற்றுங்கள், அல்லது பாரைத் தாழ்த்துங்கள். ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டால் எந்த நிலையிலும் டப்பென்று தானாக மூட வேண்டும்.

பிரேக் ஹோஸ் எட்டவில்லை என்றால் செலவும் பொறுப்பும் கூடும். ஹோஸை மாற்றினால் காற்றை முழுதாக வெளியேற்றி, மூடியில் அச்சிட்டுள்ள தர எண் கொண்ட பிரேக் ஆயிலையே விட வேண்டும். அந்த ஆயில் பெயின்ட்டில் சொட்டினால் உரித்துவிடும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், உங்கள் வண்டியும் அதற்குப் பிந்தியது என்றால் பிரேக் லீவரோடு உள்ள மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஏபிஎஸ் பெட்டிக்குப் போகும் குழாயே மாற வேண்டிவரும். அதைத் தெரு ஓரத்தில் செய்ய வேண்டாம், பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஹோஸை மாற்ற வேண்டிய அளவுக்கு உயரம் தேவைப்படுகிறது என்றாலே, தேர்ந்தெடுத்த பார் உங்களுக்கு உரியதல்ல என்பது என் கருத்து.

உங்கள் வண்டிக்கு இது பொருந்தாது என்றாலும், இதே கேள்வியைக் கிளிப்-ஆன் வண்டிக்காரர்களும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாக மாட்டிய தாழ்ந்த பிடி உள்ள வண்டியில் மேல்தட்டையே மாற்றாமல் ஒற்றைக் குழாய் பார் போட முடியாது. ஃபுட்ரெஸ்டும் பின்னால் தள்ளியிருப்பதால் பாரை மட்டும் உயர்த்தினால் உட்காரும் நிலை இரண்டுங்கெட்டானாகிவிடும். ராயல் என்ஃபீல்டு 2018இல் வெளியிட்ட இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டுக்கும் ஒரே இன்ஜின்தான். ஒன்றில் உயர்ந்த ஒற்றைக் குழாய், மற்றதில் கிளிப்-ஆன். கம்பெனி பாரோடு ஃபுட்ரெஸ்டையும் சீட்டையும் சேர்த்தே மாற்றியிருக்கிறது. வாங்கும்போதே உடம்புக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பதுதான் அங்கே வழி.

அதிர்வைக் குறைக்கப் பாரின் இரு முனையிலும் கனமான பார் எண்ட் வெயிட் இருப்பது முக்கியம். விழுந்து உடைந்த பிறகு பலர் அதைத் திரும்ப மாட்டுவதே இல்லை. கை மரப்பதற்கு அது மட்டுமே காரணமாக இருந்ததையும் கண்டிருக்கிறேன். டயரில் காற்று கூடுதலாக இருந்தாலும், பார் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்கான ஸ்டீயரிங் கோன்செட் தேய்ந்திருந்தாலும் அதிர்வு கைக்கு ஏறும். கிரிப்புக்கு ஃபோம் உறை போடுவதை நம் பகுதிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் அது வியர்வையை உறிஞ்சி ஊறிப்போகிறது. பிடி வழுக்கும்போது நம்மை அறியாமல் இறுக்கிப் பிடிக்கிறோம், நரம்பு மேலும் நசுங்குகிறது. நல்ல ரப்பர் கிரிப்பும், உள்ளங்கையில் மெல்லிய திண்டு வைத்த காற்றோட்டமான கையுறையும் போதும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. லீவர் கோணத்தையும் பாரின் கோணத்தையும் திருத்துவது எந்தச் சிக்கலுக்கும் உரியதல்ல. ஆனால் பார்த்த மாத்திரத்தில் வேறு வண்டி போலத் தோன்றும் உயர்ந்த பார், சாலையில் சோதனையிலும் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கோரும்போதும் கேள்விக்கு உள்ளாகலாம். கம்பெனி துணைப்பொருளையே வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்தி, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

மாற்றிய அன்றே நெடுஞ்சாலை ஏறாதீர்கள். முதலில் ஆளில்லாத தெருவில் மெதுவாக எட்டுப் போட்டு, கடைசிவரை திருப்பும்போது உள்பக்கக் கை டேங்க்கிலோ வயிற்றிலோ இடிக்கிறதா, வெளிப்பக்கக் கை எட்டாமல் தோள் இழுபடுகிறதா என்று பாருங்கள். அடுத்து ஊருக்குள் சில நாள், அதன் பிறகு நெடுஞ்சாலை. வாய்ப்பிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி ஏறி இறங்கி வாருங்கள். அந்தப் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது உடம்பின் பாரம் முழுக்கக் கைக்கு வரும், பிரேக்கும் கிளட்சும் மாறிமாறி வேலை செய்யும், பாரின் குறை எதுவாக இருந்தாலும் அங்கே வெளிப்பட்டுவிடும். திரும்பி வந்ததும் கிளாம்ப் போல்ட்களையும் ரைசர் போல்ட்களையும் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பாருங்கள். புதிதாகப் பொருத்தியவை சற்றுத் தளர்வது இயல்பு.

வண்டியை விட்டு இறங்கிச் சற்று நேரத்தில் மரப்பு நீங்கிவிட்டால் மேலே சொன்னவை போதும். இரவில் தூக்கத்திலும் விரல்கள் மரத்தாலோ, பிடியில் வலு குறைந்து சட்டைப் பொத்தான் போடுவது கடினமானாலோ, பாரைத் திருத்திக்கொண்டு நாள் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவத்துக்குக் குறைவில்லாத ஊரில் வேலை செய்கிறீர்கள். அழுத்தப்பட்ட நரம்பை ஆரம்பத்திலேயே கவனித்தால் எளிதாகச் சரியாகும். எடுத்த அளவுகளையும் பக்கவாட்டுப் படத்தையும் எழுதி அனுப்பினால், எந்த அளவு பார் பொருந்தும் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.